காது மெஷினோடு ஆறு வருஷம்: ஒரு பழைய பீரங்கிக்காரனின் அனுபவம்

காது மெஷின் வாங்கினாலும் அலமாரியில்தானே கிடக்கப் போகிறது என்று தள்ளிப்போடும் முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்கள் வீட்டில் டிவி சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு 74 வயது. பீரங்கிப் படையில் இருந்தேன். அந்தக் காலத்தில் காதுக்குப் பாதுகாப்பு என்றால் பஞ்சு உருண்டை, அதையும் அவசரத்தில் யார் தேடுவது.

முதல் மெஷின் ஒரு வருஷம் டிராயரில் தூங்கியது. மெஷின் மேல் தப்பில்லை. வாங்கிய இடத்தில் பத்து நிமிஷம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "வயசானா அப்படித்தான் சார்" என்று மாட்டி அனுப்பிவிட்டார்கள். செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தைக் கிழிப்பது போலக் கேட்டது, மனுஷர் பேசுவது மட்டும் பழையபடி மந்தம்.

அடுத்துப் போன இடத்தில் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஐயா, சர்வீஸ்ல என்ன வேலை பார்த்தீங்க?" எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தாயிற்று, பிரஷர், சுகர், சிகரெட் எல்லாம் கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. துப்பாக்கியை எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள் என்றும் கேட்டார். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் கெடுமாம், ஏனென்றால் அது குழல் வாய்ப் பக்கம் இருக்கும், வலது காதைத் தலை கொஞ்சம் மறைத்துவிடும். என் ரிப்போர்ட்டும் அப்படியே இருந்தது. 4000 ஹெர்ட்ஸ், அதாவது கீச்சென்ற சத்தங்கள் பக்கம், வரைபடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது, இடது பக்கம் ஆழமாக. உள்காதில் சத்தத்தை உணரும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது, மிச்சம் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கட்டு, தட்டு, பட்டு என்று சொல்லிப் பார்த்தார், எனக்கு மூன்றும் ஒன்றுதான். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து நழுவிவிடும். மனைவி வேண்டுமென்றே முணுமுணுக்கிறாள் என்று எத்தனை வருஷம் சண்டை போட்டேன்! (இந்த விளக்கத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

அப்புறம் காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, மெஷின் போட்ட நிலையில் செவிப்பறை பக்கம் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்து செட் செய்தார். ரியல் இயர் என்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் மாடலை விசாரிப்பதற்கு முன் இந்த அளவு எடுப்பார்களா என்று கேளுங்கள்.

மூளைக்குப் பழக எனக்கு ஆறு வாரம் ஆனது. முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரி வாரம் பத்து நாள் வரும். ஸ்டிக்கரை உரித்ததும் இரண்டு நிமிஷம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள், காற்று பட்டால்தான் அது வேலை செய்யும், திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. சத்தம் குறைந்தால் பாதி நேரம் காதுக் குறும்பிதான் காரணம், ஃபில்டரை மாற்றினால் சரியாகிவிடும்.

காதுக்குள் சில்வண்டு மாதிரி ஓயாமல் கேட்கும் இரைச்சல் போய்விடுமா என்றால், போகாது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் அதிகமாக இழப்பீடு பெறும் குறைபாடே இந்தக் காது இரைச்சல்தான். மெஷின் போட்டால் வெளிச்சத்தம் அதை மூடிவிடுகிறது, ராத்திரி கழற்றியதும் சில்வண்டு திரும்ப வந்துவிடும்.

எனக்குப் பெரிய லாபம் டாக்டர் அறையில்தான். மெஷின் இல்லாத காலத்தில் ஒரு டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து, பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் "பாதி" எனக்கு வரவே இல்லை. புரிந்ததா என்றால் "எஸ் சார்" என்று சொல்லியே பழகிய வாய், சொல்லிவிட்டு வந்தேன். முழு மாத்திரையைப் போட்டு, ஒரு நாள் விடியற்காலை எழுந்தபோது தலை சுற்றி வாஷ்பேசினில் மோதி விழுந்தேன். புருவத்தில் நாலு தையல். இப்போதும் மெஷினை மட்டும் நம்புவதில்லை, டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறேன், வயர்லெஸ்ஸில் செய்தியைத் திருப்பிச் சொல்வோமே, அதே மாதிரி.

ஞாபக சக்திக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு: காது மெஷின் அறிவுத்திறன் சரிவைத் தடுக்குமா என்று பார்த்து 2023இல் வெளியான அச்சீவ் (ACHIEVE) என்ற அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அந்தச் சரிவுக்கான ஆபத்து ஏற்கெனவே அதிகம் இருந்த முதியவர்களிடம் மட்டும் மூன்று வருஷத்தில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. விளம்பரங்களில் இரண்டாவது பாதியை மட்டும் சொல்வார்கள்.

குறை என்றால் கூட்டத்தில் இன்னும் திண்டாட்டம்தான். எதிர்க்காற்று அடித்தால் மைக்கில் இரைச்சல், வியர்வைக்கு ஆகாது.

மாதம் ஒருமுறை பழைய ஆட்கள் நாலு பேர் சீட்டாடக் கூடுவோம். மற்ற மூவரும் கத்திப் பேசுவதைத் தாங்க முடியாமல் நான் வால்யூமைக் குறைத்துக்கொள்கிறேன். போன தடவை ஒருவர் என்னைத் தனியாக ஓரம் கூப்பிட்டு, ரகசியமாக, "இது எங்கடா வாங்கின?" என்று கேட்டார். சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த என் மனைவி உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.