காலண்டரில் இடம் இருக்கிறது, ஆத்தரைசேஷனில் இருக்கிறதா? – ஒரு ஷெட்யூலரின் அனுபவம்

நியூ ஜெர்சியில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சித் தெரபி தரும் ஒரு சின்ன கிளினிக்கில் ஷெட்யூலிங் என் வேலை. எந்தக் குழந்தைக்கு எந்தத் தெரபிஸ்ட், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கட்டங்களை நிரப்புவது. ஆரம்பத்தில் கூகுள் காலண்டரையும் ஷீட்ஸையும் வைத்தே சில வருடங்கள் ஓட்டினோம். அப்புறம் இந்தத் துறைக்கென்றே செய்த, மாதச் சந்தா கட்டும் மென்பொருள் ஒன்றுக்கு மாறினோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போடுகிற வேலை மாதிரி தெரியும். தெரபிஸ்டுக்கும் நேரம் இருக்கிறது, குழந்தைக்கும் நேரம் இருக்கிறது, போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு குழந்தைக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்கூட்டியே ஓர் ஆத்தரைசேஷன் தரும். எந்த சேவை, எத்தனை யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அதில் இருக்கும். ஒரு யூனிட் 15 நிமிடம். 2019 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஏபிஏ பில்லிங் கோடு எண்களில், 97153 என்பது குழந்தையுடன் நேரடியாக உட்காரும் ஆர்பிடி டெக்னீஷியனின் வேலை. 97155, டெக்னீஷியனை மேற்பார்வை செய்யும் நிபுணரான பிசிபிஏ வந்து சிகிச்சைத் திட்டத்தைத் திருத்துவது. 97156 பெற்றோருக்கான பயிற்சி, 97151 மதிப்பீடு. ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றில் செலவழிக்க முடியாது. வாரம் 20 மணி நேரம் 97153 என்று அனுமதி வந்தால் வாரத்துக்கு 80 யூனிட், ஆறு மாதத்துக்கு, அதாவது 26 வாரத்துக்கு, 2,080. ப்ரீபெய்ட் ரீசார்ஜ் மாதிரிதான். பாலன்ஸ் இருந்தாலும் வேலிடிட்டி முடிந்தால் போச்சு.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று புதிதாகச் சேருபவர்கள் கேட்பார்கள். பில் திரும்பி வரும். அதில் சிஓ 198 என்று போட்டிருந்தால் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். சிஓ 197 என்றால் அந்தத் தேதிக்கு அனுமதியே இல்லை. முன்னால் இருக்கும் அந்த 'சிஓ' இருக்கிறதே, அது இந்தத் தொகையைக் குடும்பத்திடம் கேட்கக் கூடாது என்கிறது. தெரபிஸ்டுக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது, பணம் வராது. சின்ன கிளினிக்குக்கு இது வலிக்கும்.

கூகுள் காலண்டருக்கு யூனிட் என்றால் என்னவென்று தெரியாது. அது பொதுவான காலண்டர், அதனிடம் இதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனாலும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து குழந்தைகள் வரைக்கும் தாராளமாகச் சமாளிக்கும் என்பது என் அனுபவம். எங்களுக்கு அதிகம் உதவியது மிகச் சாதாரணமான ஒரு விஷயம். வாராவாரம் வரும் செஷனைப் போடும்போது 'முடிவே இல்லை' என்று விடாமல், முடியும் தேதியாக ஆத்தரைசேஷனின் கடைசி நாளைக் கொடுத்துவிடுவது. அந்தத் தேதிக்குப் பிறகு காலண்டர் வெறிச்சென்று இருக்கும். தெரபிஸ்ட் போன் பண்ணி, "அடுத்த வாரம் எனக்கு ஒண்ணுமே காட்டலையே?" என்று கேட்பார். கேட்கட்டும். புது அனுமதி வராமல் யாரும் போய் உட்கார்ந்துவிட மாட்டார்கள் என்பதற்கு அந்தக் காலி இடமே உத்தரவாதம்.

இன்னொன்று நினைவூட்டல். அனுமதி முடிவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பாவது மறு மதிப்பீட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்த மதிப்பீட்டுக்கே தனியாக 97151 அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆனால் கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்வுக்கான நினைவூட்டலை அதிகபட்சம் நான்கு வாரம் முன்னால்தான் வைக்க முடியும். அதனால் முடியும் நாளில் ஒன்று, ஆறு வாரம் முன்னால் தனியாக ஒன்று என்று இரண்டு முழுநாள் நிகழ்வுகளாகப் போட்டு வைத்தோம்.

வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அனுமதி தரும் கம்பெனிகளில், நான் பார்த்தவரை, ஞாயிறு முதல் சனி வரை கணக்கு வைப்பவை அதிகம். எங்கள் காலண்டரோ திங்களில் தொடங்கியது. வாரம் 15 மணி நேரம் அனுமதி உள்ள ஒரு பையன், தினம் மூன்று மணி நேரம் வருபவன். பனி கொட்டி ஒரு வியாழக்கிழமை செஷன் ரத்தானது. ஞாயிற்றுக்கிழமை ஈடு செய்யலாம் என்று அம்மாவும் சரி என்றார், தெரபிஸ்டும் சரி என்றார். திங்களில் தொடங்கும் காலண்டரில் அந்த ஞாயிறு அதே வாரத்தின் கடைசி நாள், கூட்டினால் சரியாக 15. இன்ஷூரன்ஸ் கணக்கில் அது அடுத்த வாரத்தின் முதல் நாள். அந்த வாரம் 18 மணி நேரமாகி 12 யூனிட் தாண்டிவிடும். நல்லவேளை, பில்லிங் பார்ப்பவர் முந்தைய நாளே பிடித்துவிட்டார், செஷன் சனிக்கிழமைக்கு மாறியது. காலண்டர் அமைப்பில் வாரத்தின் முதல் நாளை ஞாயிறு என்று மாற்ற ஒரு நிமிடம் கூட ஆகாது. அன்றைக்கே மாற்றிவிட்டோம்.

எண்ணிக்கைக்கு, கூகுளிலேயே சின்ன நிரல்கள் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கவே இருக்கிறது. நிகழ்வின் தலைப்பில் குழந்தைக்கு நாங்கள் வைத்த எண்ணையும் பில்லிங் கோடு எண்ணையும் ஒரே வடிவத்தில் எழுதினால், ஒரு சின்ன நிரல் அவற்றைப் படித்து, நிமிடங்களைக் கூட்டி, 15-ஆல் வகுத்து ஷீட்ஸில் போட்டுவிடும். ஒரே வடிவம் என்பதுதான் கஷ்டம். அவசரத்தில் ஒருவர் இடைவெளி விடாமல் எழுதுவார், ஒருவர் கோடு எண்ணை விட்டுவிடுவார், அந்த மணி நேரம் கணக்கில் வராது. ரத்தான செஷனை அழிக்கவும் கூடாது. அழித்தது ஏறக்குறைய 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அப்புறம் போய்விடும். தலைப்பின் முன்னால் 'ரத்து' என்று சேர்த்து, காரணத்தையும் எழுதி வைப்பதுதான் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். தலைப்பில் குழந்தையின் பெயர் வேண்டவே வேண்டாம். நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்கும் ஹிப்பா சட்டம் இருப்பதால் இலவச ஜிமெயில் கணக்கில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பணம் கட்டும் வொர்க்ஸ்பேஸில், அதற்கான ஒப்பந்தத்தை ஏற்ற பிறகுதான்.

குழந்தைகள் கூடக் கூட ஷீட்ஸைத் திறந்து பார்ப்பதே தனி வேலையாகிவிட்டது. அதனால்தான் கட்டண மென்பொருள். அதன் பெரிய வசதி, ஆத்தரைசேஷனை உள்ளேயே பதிந்து, ஒவ்வொரு செஷனையும் அதனுடன் கட்டிவிடலாம். செஷன் போடும் பெட்டியிலேயே பட்டை ஒன்று தெரியும். அனுமதித்தது, போட்டு வைத்தது, நடந்து முடிந்தது, மூன்றும் மூன்று நிறத்தில்.

இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் இப்படிப்பட்ட எந்த மென்பொருளுக்கும் நான் வைக்கும் முதல் சோதனை. டெமோவில் பார்த்த சிலவற்றில் 'மிச்சம்' என்று ஒரே ஓர் எண் வந்தது. எதிலிருந்து எதைக் கழித்த மிச்சம் என்று கேட்டால், பில் போனதைக் கழித்தது என்றார்கள். பில் போவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒரு குழந்தைக்கு 200 யூனிட் மிச்சம் என்று திரை சொல்லும்போது, நடந்து பில் போகாதது 90, அடுத்த இரண்டு வாரத்துக்குப் போட்டு வைத்தது 120 என்றால், நாம் ஏற்கெனவே 10 யூனிட் பள்ளத்தில் இருக்கிறோம். அப்படி ஒரு எண்ணை நம்பி ஷெட்யூல் போடுவதற்குப் பழைய ஷீட்ஸே மேல்.

எச்சரிக்கைகள் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எங்கள் மென்பொருள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெட்டி காட்டும். அனுமதி 30 நாளில் முடிகிறது, மஞ்சள். வாரக் கணக்கில் ஒரு யூனிட் கூடுகிறது, மஞ்சள். அனுமதி நேற்றே முடிந்துவிட்டது, அதுவும் மஞ்சள். நாள் முழுக்க 'சரி, சரி' என்று அழுத்திப் பழகிய விரல், எதை அழுத்துகிறது என்று பார்ப்பதை நிறுத்திவிடும். பல மாதம் கழித்துத்தான் அமைப்புகளுக்குள் எங்கோ ஆழத்தில் இதை மாற்றும் இடம் இருப்பது தெரிந்தது. இப்போது தேதி முடிந்திருந்தாலோ மொத்த யூனிட் தீர்ந்திருந்தாலோ செஷன் போடவே விடாது. வார அளவு தாண்டினால் மட்டும் மஞ்சள், ஏனென்றால் சில கம்பெனிகள் மொத்தத்தை மட்டும்தான் பார்க்கின்றன, அங்கே ஒரு வாரம் கூடினால் அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம். போன் ஆப்பில் தெரபிஸ்ட் விரலால் செஷனை இழுத்து வேறு நாளில் வைத்தால் மட்டும் இந்தத் தடை எதுவும் வேலை செய்யாது. மென்பொருள் கம்பெனியிடம் கேட்டுச் சலித்துவிட்டது. கடைசியில் தெரபிஸ்டுகளுக்கு நகர்த்தும் உரிமையையே எடுத்துவிட்டோம். அவர்களுக்கு என் மேல் கோபம்தான்.

பிசிபிஏ, ஆர்பிடி, குழந்தை மூவரும் ஒரே அறையில் இருக்கும் நேரம் தனித் தலைவலி. ஆர்பிடியின் மாத நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது சான்றிதழ் தரும் வாரியத்தின் விதி, அதனால் இப்படிப்பட்ட நேரம் எல்லாருக்கும் வரும். சில இன்ஷூரன்ஸில் 97153, 97155 இரண்டையும் ஒரே நேரத்துக்கு பில் செய்யலாம். சிலவற்றில் ஒன்றுதான். முதல் வகையில் இரண்டு கணக்கிலும் யூனிட் குறையும், இரண்டாவதில் ஒன்றில் மட்டும். கூகுள் காலண்டரில் இதை ஒவ்வொரு கம்பெனிக்கும் கையால் திருத்தினோம். புதிய மென்பொருளில் கம்பெனிவாரியாக ஒரு முறை டிக் செய்தால் போதும், அதுவே பார்த்துக்கொள்ளும். கட்டிய சந்தாப் பணம் இதற்கே தகும் என்று சொல்வேன்.

போட்டு வைத்த நேரமும் நடந்த நேரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் அது நன்றாகக் கையாள்கிறது. மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும் செஷன் 12 யூனிட். 5:50-க்கே முடித்துவிட்டால் 170 நிமிடம், 11 யூனிட் போக 5 நிமிடம் மிஞ்சும். பாதி தாண்டாததால், அதாவது 8 நிமிடம் எட்டாததால், அந்த 5 நிமிடத்துக்கு யூனிட் கிடையாது. 5:53-க்கு முடித்திருந்தால் 12. தினம் ஒரு யூனிட் இப்படி நழுவினால் வாரத்துக்கு ஐந்து, 26 வாரத்தில் 130. முப்பத்திரண்டரை மணி நேரம்! தெரபிஸ்ட் செஷனை மூடியதும் அந்த ஒரு யூனிட் மிச்சக் கணக்குக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பழைய முறையில் காலண்டரில் ஆறு மணி என்று இருந்தால் ஆறு மணிதான்.

இதெல்லாம் அளவைத் தாண்டாமல் இருப்பதற்கு. குறைவாகப் பயன்படுத்துவதும் சிக்கல்தான், அதை எந்த மென்பொருளும் உரக்கச் சொல்வதில்லை. வாரம் 20 மணி நேரம் கேட்டு வாங்கிவிட்டு 13, 14 என்று ஓட்டினால், புதுப்பிக்கும் நேரத்தில் கம்பெனிக்காரர்கள் "பதினாலே போதும்போல இருக்கிறதே" என்பார்கள். அப்போது ரத்துக் காரணங்கள் எழுதி வைத்த பட்டியல் கை கொடுக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், பனிப்புயல், தெரபிஸ்ட் கிடைக்கவில்லை என்று தேதி வாரியாகக் காட்டலாம். கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும்போது இந்தப் பேச்சு கட்டாயம் வரும்.

"அக்கா, ஜூலையில ஆறு வாரம் மதுரைக்குப் போறோம். அந்த மணி நேரத்தையெல்லாம் வந்ததும் சேத்துக் குடுத்துடுங்க."

"இல்லம்மா, உங்களுக்கு வாரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. விட்டது விட்டதுதான். தேதியை மட்டும் இப்பவே சொல்லுங்க, நான் டாக்டரம்மாவை வெச்சு இன்ஷூரன்ஸுக்கு எழுதிடறேன்."

டாக்டரம்மா என்று இங்கே எல்லாரும் சொல்வது எங்கள் பிசிபிஏவை. முன்கூட்டித் தெரிந்தால் அந்த ஆறு வாரத்தைக் காலண்டரில் அடைத்து, வேறு குழந்தைக்கு அந்தத் தெரபிஸ்டைக் கொடுத்துவிடலாம். எங்கள் மென்பொருளில் 'பயன்பாட்டு வேகம்' என்று ஓர் அறிக்கை இருக்கிறது, நாட்கள் எத்தனை சதவீதம் போயின, யூனிட் எத்தனை சதவீதம் போயின என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். திங்கட்கிழமை காலையில் நான் முதலில் திறப்பது அதைத்தான். நாள் 60, யூனிட் 40 என்று இருக்கும் குழந்தையின் வீட்டுக்கு முதல் போன்.

யாருக்கு எது? பத்துப் பதினைந்து குழந்தைகள், இரண்டு மூன்று கோடுகள், ஷீட்ஸில் கை பழகிய ஒருவர் இருக்கிறார் என்றால் கூகுள் காலண்டரே போதும், சந்தா வீண். அதற்கு மேல் போனால், அல்லது மேற்பார்வை நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறினால், துறைக்கான மென்பொருள் வாங்குங்கள். வாங்கும் முன் டெமோவில் அவர்கள் காட்டும் அழகான டாஷ்போர்டை விடுங்கள். உங்கள் கண்ணெதிரே ஒரு செஷனைப் போடச் சொல்லுங்கள், மிச்சம் குறைகிறதா பாருங்கள். அதை ரத்து செய்யச் சொல்லுங்கள், உடனே திரும்பி வருகிறதா பாருங்கள். அப்புறம் அதே செஷனைப் போன் ஆப்பில் அனுமதி முடிந்த தேதிக்கு இழுக்கச் சொல்லுங்கள்.