ஊட்டியில் வாங்கிய தோடர் சால்வை: திருப்பிப் பார்த்து வாங்க வேண்டிய பொருள்

பழைய கட்டடங்களும் கைவேலையும் பார்ப்பதற்காகவே தனியாக ஊர் சுற்றுகிறவர்கள் ஊட்டிக்குப் போனால், வாங்கிவர ஒரே ஒரு பொருளைத்தான் சொல்வேன்: பூத்துக்குளி. நீலகிரி மலையின் பழங்குடிகளான தோடர்களின் பெண்கள் கையால் பூவேலை செய்த சால்வை அது. நான் எடுத்ததற்கு நான்காயிரத்துச் சொச்சம் ஆனது. குளிர்காலம் முழுக்கப் போர்த்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொடுத்த காசில் ஒரு ரூபாய் கூட வீண் இல்லை.

துணி கெட்டியான, கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளைப் பருத்தி. அதிலேயே சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் நெய்திருக்கும், அந்தப் பட்டைகளுக்கு நடுவே அதே இரண்டு நிறத்து நூலில் பூவேலை வரும். துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை, வளையம் மாட்டி இழுத்துக் கட்டுவதும் இல்லை. துணியின் ஊடும் பாவுமான இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது, அதனால்தான் எல்லாம் நேர்கோடாகவும் கட்டமாகவும் முக்கோணமாகவும் இருக்கிறது, ஓரிழை தப்பினாலும் வரிசை முழுக்கக் கோணலாகிவிடும். மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வேலை செய்துகொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன், தலை நிமிராமலே "கொஞ்சம் இரும்மா, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார். வரிசை முடிந்த பிறகுதான் பேசினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பின்பக்கம். சாதாரணமாக எம்பிராய்டரி செய்த துணியைத் திருப்பினால் முடிச்சும் பிசிறுமாக இருக்கும், யாரும் காட்ட மாட்டார்கள். பூத்துக்குளியை இரண்டு பக்கமும் போர்த்தலாம். ஒரு பக்கம் வழவழப்பாக, நெய்த துணி என்றே நினைக்கும்படி இருக்கும். இன்னொரு பக்கத்தில் நூல் லேசாகப் புடைத்து, விரலால் தடவினால் மேடு தட்டும். தோடர்கள் அந்த மேடான பக்கத்தைத்தான் வெளியே தெரியும்படி போர்த்துகிறார்கள். நானும் இப்போது அப்படித்தான்.

வாங்கும்போது கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். பஜாரில் ஒரு கடையில் தோடர் சால்வை என்று சொல்லி நீட்டியது அச்சடித்த துணி, பின்பக்கம் வெறும் வெள்ளை. மெஷினில் தைத்தது என்றால் பின்னால் பெரும்பாலும் வேறு நிற நூல் ஓடியிருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை இது, இருந்தும் போலிகள் இப்படி விற்கின்றன என்பது கோபம் வரவைக்கிற விஷயம்.

தனியாகப் போனதால் ஓர் ஒழுங்கில் பார்க்க முடிந்தது, அந்த ஒழுங்கையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம். 1830-இல் பிரதிஷ்டை ஆனது, உள்ளே இருக்கும் பெரிய மர உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. அப்புறம் பக்கத்திலேயே நீலகிரி நூலகம், சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் வடிவமைத்தது, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். இதையெல்லாம் முடித்துவிட்டு தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்துக்கு ஏறுங்கள்.

அங்கே வசிக்கிறவர்களின் வீடுகள் இப்போது நம் வீடுகளைப் போலத்தான். பழைய வடிவத்தைக் கோவிலில்தான் பார்க்க வேண்டும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி மேலே புல் வேய்ந்த அரைவட்டக் கூரை, முன்பக்கச் சுவர், அதில் குனிந்தால் கூடப் போதாது, தவழ்ந்துதான் போக வேண்டும் என்கிற அளவுக்குச் சின்னக் கதவு. எருமைப் பாலைக் கறந்து வைத்துக் கடையும் இடமே அவர்களுக்குக் கோவில் என்பது தெரிந்த பிறகு அந்தக் கதவின் அளவுக்கு அர்த்தம் புரிந்தது, குளிரும் காட்டு விலங்கும் எளிதில் நுழையாது. கீழே தேவாலயத்துக்கு உத்திரம் வேறு ராஜ்ஜியத்திலிருந்து வந்தது, இங்கே கூரைப்புல் இதே மலையின் சதுப்பில் வளர்ந்தது. சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் புல்வெளிகளைத் தின்றுவிட்டதால் அந்தப் புல்லைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது இப்போது. வெளியாட்கள் கோவிலுக்குள் போகக் கூடாது, படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இதைப் பார்த்துவிட்டு வந்து சால்வையை விரித்தால் அது நினைவுப்பொருளாகத் தெரியாது. கல்யாணத்துக்குப் போர்த்துவதும், இறந்தவரின் உடலைச் சுற்றுவதும் இதே துணிதான்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். துணி முரடு, முதல் சில நாள் கழுத்தில் உறுத்தும், துவைக்கத் துவைக்கத்தான் இளகுகிறது. மேடான பக்கத்து நூல் மோதிரத்திலும் பை ஜிப்பிலும் மாட்டும், மாட்டினால் இழுக்காமல் மெதுவாக எடுக்க வேண்டும். வாஷிங் மெஷினில் போடவே போடாதீர்கள், நான் தனியாக வாளியில் அலசி நிழலில் காயப்போடுகிறேன். பர்ஸ், மொபைல் உறை மாதிரி சின்னப் பொருட்களும் இருக்கின்றன, விலை குறைவு, ஆனால் கோலத்தில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியது போலத்தான் இருக்கிறது. இந்த வேலைக்கு அகலமான வெற்றிடம் வேண்டும், சால்வையில்தான் அது கிடைக்கிறது.

பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து. வீட்டு வேலைக்கு நடுவே உட்கார்ந்து செய்கிறார்கள், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். மந்திலேயே நேரடியாக வாங்கினால் காசு செய்தவர் கைக்கே போகும். வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் பூங்கா வழியாக மந்துக்கு ஏறுவது வேதனை, நவம்பருக்குப் பிறகு போங்கள், கையில் ரொக்கம் வைத்திருங்கள். பூவேலை நிறைய வேண்டும் என்றால் சொல்லிவைத்துச் செய்யச் சொல்லலாம், ஆனால் எப்போது முடியும் என்று தேதி கேட்டு நச்சரிக்காமல் காத்திருக்க வேண்டும்.