மோர் கேட்ட பையன்: ஊரில் ஸ்பீச் தெரபி தேடிய ஆறு வாரம்

என் பையனுக்கு அப்போது 22 மாதம். இங்கிலாந்தில், லெஸ்டரில் பிறந்து வளர்கிறவன். வாயில் எண்ணி நான்கு சொல். சாப்பாடு என்றால் மிக்ஸியில் அடித்த கூழ், அதுவும் கண் முன்னால் போன் ஓடினால்தான் உள்ளே இறங்கும். அங்கே ஸ்பீச் தெரபிக்குப் பெயர் கொடுத்துவிட்டு முறை வருவதற்காகக் காத்திருந்தோம். ஆறு வாரம் ஊருக்குப் போகிறோமே, சரி, அங்கேயும் யாரிடமாவது காட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினோம். சின்னக் குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊர் மதுரைக்குத் தெற்கே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போன இரண்டாம் நாளே ஒரு கூத்து. பையன் தட்டைப் பார்த்து "மோர், மோர்" என்கிறான். அம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் கலக்கிக்கொண்டு வருகிறார். அவன் கேட்டது நர்சரியில் பழகிய இங்கிலீஷ் 'மோர்', அதாவது இன்னும் வேண்டும். அப்பத்தாவுக்கு அது எப்படித் தெரியும்? மூன்று நாள் வேளைக்கு ஒரு டம்ளர் மோர் வந்தது, அவனும் மறுக்காமல் குடித்தான். "பிள்ளை எவ்வளவு தெளிவா கேக்குது, பேசலை பேசலைன்னு நீங்கதான் புலம்புறீங்க" என்று அம்மாவுக்கு என்மேல் கோபம்.

மற்ற சொந்தங்கள் சொன்னதை நீங்களே ஊகிக்கலாம். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். நீயே மூணு வயசுலதான் வாயைத் திறந்தே. நாக்கில் வசம்பு தேய்ச்சு விடு. வசம்புக்கு மட்டும் என் மனைவி கறாராக மறுத்துவிட்டாள்.

முதலில் போனது பக்கத்து டவுனில் இருந்த ஒரு தனியார் சென்டருக்கு. ஒரு சிட்டிங் 600 ரூபாய். பையனை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்கள், அழுகைச் சத்தம்தான் வெளியே வந்தது. முடிந்ததும், வீட்டில் இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்றார்கள். கூடவே 20 சிட்டிங் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றும் சொன்னார்கள். மொழி விஷயம் தப்பு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. அப்படியே இங்கிலீஷ் மட்டும் என்று வைத்தாலும் அப்பத்தா பேரனோடு எந்த மொழியில் கொஞ்சுவார்? இந்தியாவில் இந்த வேலை பார்க்கிறவர்கள் மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், ஆர்சிஐ என்பார்கள், 1992-லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வழி காட்டியவர் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர். நானும் சின்ன வயதில் அங்கே உட்கார்ந்து சத்துமாவு தின்றவன்தான். பதிவேட்டில் பேர் ஏற்ற முடியாது, சும்மா வந்து உட்காருங்க தம்பி என்றார். பையனை எடைத் தராசில் நிறுத்திக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறானா? எல்லாம் செய்கிறான் என்றதும், "அப்ப பயப்படாதீங்க, ஆனா பார்க்காம விடாதீங்க" என்றார். 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் ஒரு டாக்டர் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். பெயர் வாயில் நுழையாது, எல்லோரும் டிஇஐசி என்கிறார்கள். "காசு கிடையாது. காலையிலேயே போயிடுங்க." பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மாதக் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாமா என்று கேட்டு வந்த பாட்டிக்கு, ஒரு வயசு வரைக்கும் தேன் பக்கமே போகக் கூடாது என்று சத்தமாகவே சொல்லி அனுப்பினார்.

டிஇஐசிக்கு ஒன்பது மணிக்குப் போனோம். ஆதார் இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டியதும் ஓபி சீட்டு கிடைத்தது. கூப்பிட்டபோது பதினொன்றரை. மின்விசிறி ஒன்று, பெஞ்சு இரண்டு, அம்மாக்கள் இருபது பேர். இதைக் குறையாகச் சொல்லலாம்தான். ஆனால் குழந்தை டாக்டர், காது பரிசோதனை, பிசியோ, சைக்காலஜிஸ்ட், சிறப்பு ஆசிரியர் எல்லோரும் ஒரே வராண்டாவில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம், தனித்தனித் தேதி.

முதலில் காது. பிறந்தவுடனே அங்கே பார்த்துவிட்டார்களே என்றேன். "அது அன்னைக்கு சார். அதுக்கப்புறம் எத்தனை தடவை சளி பிடிச்சிருக்கும்? நடுக்காதுல நீர் கோத்துக்கிட்டா தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரிதான் கேக்கும்" என்றார் ஆடியாலஜிஸ்ட். காதில் ஒரு சின்ன முனையை வைத்துச் சில நொடி, முடிந்தது. பையன் பாஸ். அதில் தேறாத குழந்தைகளுக்கு பெரா டெஸ்ட், சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது, அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். முந்தின ராத்திரி முழித்திருக்க வைத்துக் கூட்டி வந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அம்மாக்கள் வராண்டாவில் நடந்துகொண்டிருந்தார்கள். அங்கே யாருமே சத்தமாகப் பேசவில்லை.

அடுத்து ஸ்பீச் தெரபிஸ்ட். முப்பது வயதுகூட இருக்காத பெண். எத்தனை சொல் என்றார். நான்கு என்றேன். காக்காயைப் பார்த்தால் என்ன செய்வான்? 'கா' என்பான். எப்போதும் அதே மாதிரியா? ஆமாம். அதுவும் சொல்தான் என்று எழுதிக்கொண்டார். தமிழில் பால், இங்கிலீஷில் பால், அதாவது பந்து, இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும், ஆனால் அவன் இரண்டு பொருளுக்குச் சொல்கிறான், ஆகவே இரண்டு. மோர் கதையைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். முடிவில் கணக்கு பதினொன்று. இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு வயதை நெருங்கும் பிள்ளைக்குப் பதினொன்று குறைவுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பிறகு என்னைத் தரையில் உட்காரச் சொல்லி, அவனோடு விளையாடுங்கள் என்றார். நான் பொம்மையைத் தூக்கி "இது என்ன? இது என்ன கலர்?" என்று ஆரம்பித்தேன். இரண்டே நிமிடம். "சார், பரீட்சை வைக்காதீங்க." அவர் பையனின் உள்ளங்கையை விரித்துப் பருப்பு கடைய ஆரம்பித்தார். அதே பழைய விளையாட்டுதான். விரல் மணிக்கட்டில் ஏறி, முழங்கை தாண்டி, அக்குள் பக்கம் போகும் முன் நின்றுவிட்டது. ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்தார். நான் மனதில் ஏழு வரை எண்ணினேன். பையன் அவர் கையைப் பிடித்து இழுத்து "மோர்" என்றான். "இந்த இடைவெளியைத்தான் நீங்க விடுறதில்லை" என்றார்.

அடுத்த முறை சாப்பாட்டோடு வரச் சொன்னார். பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே போனேன். மடியில் சாய்த்து, போனைப் பிடித்து, ஸ்பூனை உள்ளே தள்ளும் எங்கள் முறையை முழுதாகப் பார்த்தார். ஒரு நாளில் அவன் எதிரே முகம் கொடுத்து உட்காரும் நேரமே மூன்று வேளைச் சாப்பாடுதான், அதையும் போனுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். மென்று பழகாத வாய் பற்றியும் சொன்னார். ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டியான சாப்பாடு பழகாவிட்டால் பிறகு அடம் அதிகம். நாங்கள் புரையேறிவிடுமோ என்று பயந்தே மிக்ஸியை விடாமல் வைத்திருந்தோம். குமட்டினால் சத்தம் வரும், முகம் சுளிப்பான், உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. உண்மையில் தொண்டை அடைத்தால் சத்தமே வராது, அதற்குத்தான் பயப்பட வேண்டும் என்றார். நிமிர்ந்து உட்கார வையுங்கள், நாங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முழுக் கடலையும் திராட்சையும் வேண்டாம். என்ன, எப்போது என்பது எங்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. ஒரு புது உணவைப் பத்து முறைகூட வைக்க வேண்டி வரும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது அம்மாவைச் சமாளிப்பது. போன் இல்லாத முதல் மூன்று நாள் அவன் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. "பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லவா ஊருக்குக் கூட்டி வந்தே?" நான்காம் நாள் அம்மா தட்டில் இருந்த இட்லியை அவனே எடுத்துப் பிசைந்து, பாதியைத் தரையிலும் மீதியை வாயிலும் போட்டான். மறுநாளிலிருந்து அம்மாவே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், போன் பேச்சையும் எடுக்கவில்லை.

டிஇஐசியில் மொத்தம் மூன்று முறைதான் பார்க்க முடிந்தது. அந்தப் பெண் ஒருவரே அத்தனை குழந்தைகளையும் பார்க்கிறார், அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கிளம்பும் முன் சீல் வைத்த ஒரு பக்கக் குறிப்பு வாங்கி வந்தேன். லெஸ்டர் திரும்பிய பிறகு, இரண்டு வயதுப் பரிசோதனைக்கு ஹெல்த் விசிட்டர், அதாவது குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸ், வந்தபோது அதுதான் பேச்சைத் தொடங்கி வைத்தது. உங்கள் ஊர் சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, 2005-ல் தொடங்கியது, அங்கேயும் சின்னக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

சொற்களை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார் தெரபிஸ்ட். தமிழுக்கு ஒரு பக்கம், இங்கிலீஷுக்கு ஒரு பக்கம். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், டம்ளரை நீட்டி "மோர் தா" என்றான். அம்மா மோரை ஊற்றினார். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.