பம்பிளா, மேட்ச் குரூப்பா: விழுந்து கிடக்கும் டேட்டிங் பங்குகளில் எதைத் தொடலாம்?

பம்பிள் பங்கை வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் காட்டுகிறார்கள். 2021 பிப்ரவரியில் 43 டாலருக்கு வெளியிட்ட பங்கு, முதல் நாளே 70 டாலரைத் தாண்டி முடிந்த பங்கு, 2025 கடைசியில் 4 டாலர் பக்கம் கிடந்தது. கம்பெனி 2024இல் 107 கோடி டாலருக்கு விற்றிருக்கிறது, நிறுவனர் விட்னி உல்ஃப் ஹெர்ட் திரும்பி வந்துவிட்டார், அப்புறம் என்ன பயம் என்கிறார்கள். எதிர்த் தரப்போ டேட்டிங் ஆப்களின் காலமே முடிந்தது, இளசுகளுக்கு ஸ்வைப் சலித்துவிட்டது, இந்தத் துறையே வேண்டாம் என்கிறது. இரண்டு தரப்பும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கம்பெனிக்குள் வரும் பணத்தை வாங்கிக்கொள்ள வரிசையில் நமக்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு பார்த்தால், பம்பிளும் மேட்ச் குரூப்பும் ஒரே தொழில் செய்தாலும் ஒரே வகைப் பங்கு இல்லை என்பது தெரிந்துவிடும்.

முதலில் பம்பிள். டிண்டரின் ஆரம்பக் குழுவில் இருந்து வெளியேறிய விட்னி, பாடூ என்ற டேட்டிங் தளத்தின் நிறுவனர் ஆந்த்ரே ஆந்த்ரேயெவின் பணத்தோடு 2014இல் தொடங்கியது. பெண் முதலில் பேச வேண்டும் என்ற ஒரே ஒரு விதி அதற்குத் தனி முகம் கொடுத்தது. 2019 கடைசியில் பிளாக்ஸ்டோன் என்ற தனியார் பங்கு நிதி பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது போட்ட மதிப்பு 300 கோடி டாலர். தனியார் பங்கு நிதிகள் வழக்கமாகச் செய்வதுபோல 2020இல் கம்பெனியின் தலையில் கடன் ஏறியது. அடுத்த வருஷமே பங்கு வெளியீடு. அதில் திரட்டிய ஏறக்குறைய 215 கோடி டாலரில் பெரும்பகுதி, பழைய உரிமையாளர்களிடம் இருந்த பங்குகளையும் யூனிட்டுகளையும் (பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய உரிமைகள்) வாங்கவே போனது; கடனை அடைக்க ஒதுக்கியது 20 கோடி டாலர்தான். இது சட்டப்படி சரி, வெளியீட்டு ஆவணத்திலும் எழுதியிருந்தது. ஆனால் 70 டாலருக்கு ஆசை ஆசையாக வாங்கிய சில்லறை முதலீட்டாளர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார்கள்? அப்புறமும் பெரிய கைகள் படிப்படியாக இறங்கின. 2021 செப்டம்பரில் 54 டாலருக்கு ஒரு விற்பனை, 2023 மார்ச்சில் 22.80 டாலருக்கு இன்னொன்று. அந்த விலைகளை 2025 கடைசியின் 4 டாலரோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது வரி ஒப்பந்தம். பம்பிளுக்குக் கிடைக்கும் குறிப்பிட்ட வரிச் சேமிப்பில் 85 சதவீதத்தை, வெளியீட்டுக்கு முன்பிருந்த உரிமையாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2025இல் அதைச் சுமார் 42 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பணம் போவது பிளாக்ஸ்டோனுக்கும் நிறுவனர் தரப்புக்கும். ஆதரவாளர்கள் இதை நல்ல செய்தி என்கிறார்கள். ஒரு வகையில் நியாயம்தான், வருஷா வருஷம் போகவிருந்த பணம் இனிமேல் போகாது. ஆனால் தொகையின் அளவைக் கவனியுங்கள். எல்லாப் பங்குகளையும் யூனிட்டுகளையும் சேர்த்தால் 4 டாலர் விலையில் கம்பெனியின் மொத்த மதிப்பு 60 கோடி டாலர் அளவில்தான் வரும். அதில் பாதிக்கு மேற்பட்ட தொகை, பழைய உரிமையாளர்களின் கணக்கைத் தீர்க்க மட்டும் போகிறது.

இதோடு 60 கோடி டாலர் சொச்சம் கடன். 2020இல் போட்ட ஒப்பந்தப்படி அதன் முதிர்வு 2027 ஜனவரி. ஆக, "வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 30 கோடி, கம்பெனி விலை 60 கோடி, இரண்டே மடங்குதான்" என்று போடும் கணக்கில் பாதிதான் இருக்கிறது. கடனையும் அந்த வரிப் பாக்கியையும் சேர்த்து, கையில் இருந்த ரொக்கத்தைக் கழித்தால் நாம் உண்மையில் கொடுக்கும் விலை அந்த 60 கோடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அப்போதும் பார்க்க மலிவாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 30 கோடி அப்படியே நிற்கும் என்றால்தான் மலிவு.

நிற்குமா? இங்கேதான் எனக்குச் சந்தேகம் அதிகம். 2025 மூன்றாம் காலாண்டில் வருவாய் 10 சதவீதம் குறைந்து 24.6 கோடி டாலர். பணம் கட்டும் பயனர்கள் ஒரே வருஷத்தில் 43 லட்சத்திலிருந்து 36 லட்சமாக இறங்கினார்கள், அதாவது 16 சதவீதம் குறைவு. அதே காலாண்டில் லாப விகிதம் ஏறியிருக்கிறது! காரணம், விளம்பரச் செலவை ஒட்ட வெட்டியதும், 2025 ஜூனில் 240 பேரை, ஊழியர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தை, அனுப்பியதும். டேட்டிங் ஆப் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாக வேலை செய்தாலும் வாடிக்கையாளர் போய்விடுவார், ஜோடி கிடைத்துவிட்டதல்லவா. மோசமாக வேலை செய்தாலும் போய்விடுவார். ஆகவே மாதாமாதம் புது ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரத்தை நிறுத்தினால் இந்தக் காலாண்டில் லாபம் உடனே தெரியும். வராமல் போன ஆட்களின் குறை அடுத்தடுத்த காலாண்டுகளில்தான் தெரியும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு இந்த வருஷம் அரிசிக்குப் பஞ்சமில்லை என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

கம்பெனி இதற்குச் சொல்லும் விளக்கத்தையும் கேட்க வேண்டும். போலிக் கணக்குகளையும் அக்கறையில்லாமல் வந்து போகிறவர்களையும் வெளியேற்றுகிறோம், எண்ணிக்கையை விடத் தரம் முக்கியம் என்கிறார் விட்னி. யோசனையாக நன்றாகத்தான் இருக்கிறது, பெண்கள் ஆப்பை விட்டு ஓடுவதற்கு முதல் காரணமே கண்ட கண்ட ஆட்களின் தொல்லைதான். ஆனால் மூன்று வருஷத்துக்குள் இது எத்தனையாவது புதுத் திட்டம்? 2024 ஜனவரியில் ஸ்லாக் என்ற மென்பொருள் கம்பெனியிலிருந்து லிடியான் ஜோன்ஸ் தலைமைக்கு வந்தார். அடுத்த மாதமே சுமார் 350 பேர் வேலையிழந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஆப்பை மாற்றி, பெண் முதலில் பேசும் விதியையே தளர்த்தினார்கள். மே மாதம் பிரம்மச்சரியத்தைக் கிண்டல் செய்த விளம்பரப் பலகைகளால் திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டார்கள். ஆகஸ்டில் வருஷ வளர்ச்சிக் கணிப்பை 8 முதல் 11 சதவீதத்திலிருந்து 1 முதல் 2 சதவீதத்துக்குக் குறைத்தபோது பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்தது. 2025 மார்ச்சில் ஜோன்ஸ் போய் விட்னி வந்தார். இதற்கு நடுவே 2024 மூன்றாம் காலாண்டில் 89 கோடி டாலரும், 2025 இரண்டாம் காலாண்டில் 40 கோடி டாலரும் சொத்து மதிப்பிலிருந்து குறைத்து எழுதினார்கள். ரொக்கம் வெளியே போகவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் "இந்தத் தொழில் நாங்கள் நினைத்த அளவு சம்பாதிக்காது" என்று கம்பெனியே கணக்குப் புத்தகத்தில் எழுதுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

சரி, மேட்ச் குரூப். டல்லாஸ் கம்பெனி. டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட், பிளென்டி ஆஃப் ஃபிஷ், ஜப்பானில் பேர்ஸ் என்று ஒரு கூட்டம். இதுவும் அடிபட்ட பங்குதான். 2021 அக்டோபரில் 180 டாலரைத் தொட்டது, 2025 கடைசியில் 30 டாலர் சொச்சம். டிண்டரில் 2022இல் 1.1 கோடி பேர் பணம் கட்டினார்கள், 2025இல் அது 90 லட்சத்துச் சொச்சம். தென்கொரியாவின் ஹைப்பர்கனெக்டை 2021இல் 173 கோடி டாலர் கொடுத்து வாங்கியது பெரிய பிழை, அதில் இரண்டு கருத்து இல்லை. கடனும் பம்பிளை விடப் பல மடங்கு, 350 கோடி டாலர் அளவில். லாபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்கூட 2024 கணக்கில் மேட்ச் கடன்தான் கனம். பம்பிள் ஆதரவாளர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் நான் மேட்ச் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் ஹிஞ்ச். 2018இல் பெரும்பான்மையும் 2019இல் முழுவதுமாக வாங்கிய இந்த ஆப் 2024இல் 55 கோடி டாலர் கொண்டுவந்தது, முந்தைய வருஷத்தை விட 39 சதவீதம் கூடுதல். டேட்டிங் ஆப்களே செத்துவிட்டன என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். மக்கள் அக்கறையோடு துணை தேடும் ஆப்புக்குப் பணம் கட்டத் தயாராகத்தான் இருக்கிறார்கள். பம்பிள் உட்கார வேண்டிய அந்த நாற்காலியில் ஹிஞ்ச் உட்கார்ந்துவிட்டது என்பதுதான் பம்பிளின் உண்மையான பிரச்சினை. டிண்டரில் குறைவதை ஹிஞ்ச் ஓரளவு ஈடுகட்டுவதால் மேட்சின் மொத்த வருவாய் பெரிதாக ஏறவும் இல்லை, சரியவும் இல்லை. 2024இல் 348 கோடி டாலர் வருவாய், 55 கோடி டாலர் நிகர லாபம். ஒரே இடத்தில் நிற்கும் வருவாயை வைத்துக் கடனைச் சுமக்கலாம். காலாண்டுக்குக் காலாண்டு சுருங்கும் வருவாயை வைத்துச் சின்னக் கடனைச் சுமப்பதும் கஷ்டம், முதிர்வு நெருங்கும்போது மறுகடன் கொடுப்பவர் கேட்கும் வட்டி அப்படி இருக்கும்.

இரண்டாவது காரணம் ஓட்டு. மேட்சில் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. அதனால்தான் 2024இல் எலியட், ஸ்டார்போர்ட் போன்ற நிதிகள் பங்கு வாங்கி உள்ளே வந்து நெருக்க முடிந்தது. பணத்தைப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுப்போம் என்று அந்த டிசம்பரில் நிர்வாகம் உறுதி சொன்னது, காலாண்டுக்கு 19 சென்ட் டிவிடெண்ட் 2025இல் தொடங்கியது, பைபேக்கும் (கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்குவது) நடக்கிறது, ஜில்லோ என்ற வீட்டு விற்பனைத் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்பென்சர் ராஸ்காஃப் பிப்ரவரியில் தலைமைக்கு வந்து 13 சதவீதம் ஆட்களைக் குறைத்தார். பம்பிளில் பிளாக்ஸ்டோனும் நிறுவனரும் வைத்திருக்கும் பங்குக்குப் பத்து ஓட்டு என்று அமைத்திருக்கிறார்கள். வெளியாள் யாரும் வந்து நமக்காகச் சண்டை போட முடியாது, அவர்கள் முடிவு செய்வதுதான். எனக்கு இது லாப விகிதத்தை விடப் பெரிய விஷயம்.

ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான டேட்டிங் ஆப் கிரைண்டரையும் சிலர் இழுக்கிறார்கள். வளர்ச்சி நன்றாக இருக்கிறது, 2024இல் 33 சதவீதம். ஆனால் 2025 அக்டோபரில் பெரும் பங்கு வைத்திருக்கும் இருவரே பங்கு 18 டாலர் என்று முழுக் கம்பெனியையும் கேட்டார்கள், அடுத்த மாதம் அந்தப் பேச்சு முறிந்தது. இப்படி ஆள் பலம் ஒரு பக்கம் குவிந்த இடத்தில் சின்ன ஆள் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பம்பிளை "பூஜ்யத்துக்குப் போகாது, பிராண்டுக்கே மதிப்பு உண்டு" என்று சொல்பவர்களுக்கு இரண்டு பழைய கதைகள். டேட்டிங் தளங்களை நடத்திய ஃபிரண்ட்ஃபைண்டர் நெட்வொர்க்ஸ் 2011 மே மாதம் 10 டாலருக்குப் பங்கு வெளியிட்டது, 50 கோடி டாலருக்கு மேல் கடன் இருந்தது, 2013 செப்டம்பரில் திவால் மனு. தளங்கள் அதன் பிறகும் ஓடின, பங்குதாரர்கள்தான் இல்லாமல் போனார்கள். பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பார்க் நெட்வொர்க்ஸ் 2019இல் ஜூஸ்க் என்ற டேட்டிங் தளத்தை வாங்கிக் கடனில் மாட்டியது. கடைசியில் ஜெர்மனியின் கடன் மறுசீரமைப்புச் சட்டத்தின் வழியாகக் கம்பெனி கடன் கொடுத்தவர் கைக்குப் போனது, பங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பிராண்டுக்கு மதிப்பு இருக்கலாம், அந்த மதிப்பு முதலில் யாருக்குச் சேரும் என்பதுதான் கேள்வி. பம்பிளும் இப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை, அதன் லாப நிலைமை அந்த இரண்டையும் விட எவ்வளவோ மேல். ஆனால் 4 டாலர் பங்கு பூஜ்யத்துக்குப் போகாது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மேட்ச் டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்காவிலேயே பிடித்துவிடுவார்கள், அதை இங்கே வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் படிவம் நிரப்ப வேண்டும். டிவிடெண்டுக்காக மட்டும் மேட்ச் வாங்குவதில் பெரிய பயன் இல்லை, பைபேக்கால் பங்கு எண்ணிக்கை குறைவதுதான் நமக்கு லாபம்.

ஆக இன்று இரண்டில் ஒன்று என்றால் மேட்ச், அதுவும் மொத்தப் பணத்தில் சின்னப் பகுதி. பம்பிளைத் தொட வேண்டுமென்றால் எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். கடனைத் தாங்கக்கூடிய வட்டிக்கு மாற்றிப் போட்டார்களா, பணம் கட்டும் பயனர் எண்ணிக்கை ஒரு காலாண்டுக்கும் அடுத்த காலாண்டுக்கும் இடையில் இறங்காமல் நின்றதா. விளம்பரத்துக்கு மறுபடி செலவு செய்தும் லாபம் நின்றால் இன்னும் நல்லது. இதெல்லாம் நடந்தால் பங்கு 4 டாலரில் இருக்காது, 6 டாலருக்கோ 7 டாலருக்கோதான் கிடைக்கும். பரவாயில்லை, அந்த விலை கொடுத்தே வாங்குவேன்.

ஏற்கெனவே 30க்கும் 50க்கும் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், குறைந்த விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வாங்கிய விலை உங்களுக்கு மட்டும் தெரிந்த எண், பம்பிளின் கடன்காரருக்கு அதில் அக்கறை இல்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் விற்று வரும் நஷ்டம் நீண்டகால மூலதன நஷ்டம், வேறு நீண்டகால லாபம் இருந்தால் அதற்கு எதிராகக் கழிக்கலாம், இல்லையென்றால் எட்டு வருஷம் வரை கொண்டுபோகலாம், ரிட்டர்னை மட்டும் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.