கொடைக்கானலில் அறை பதிவு செய்யப் போகிறவர்களுக்கு: என் 10,301 ரூபாய் போன கதை

ஒரு ரூபாய் குறைகிறது என்றான். அந்த ஒரு ரூபாயைச் சரிசெய்யப் போய் இன்னொரு ஐயாயிரத்தையும் தூக்கிக் கொடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். இதை எழுதவே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடை விடுமுறையில் மலையேறத் திட்டமிடும் நாலு குடும்பமாவது தப்பித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மே மாதம் இரண்டாவது வாரம். விருதுநகரிலிருந்து நாங்கள், அத்தை, நாத்தனார் குடும்பம் என ஒன்பது பேர் வேனில் போவதாக ஏற்பாடு. கைபேசி வரைபடத்தில் ஏரிக்குப் பக்கத்தில் காட்டேஜ் தேடினேன். நட்சத்திரங்கள் நிறைய வாங்கிய ஓர் இடம் கிடைத்தது. அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவன் பதமாகப் பேசினான். குழந்தைகள் எத்தனை பேர், வயதானவர்கள் இருந்தால் மாடிப்படி ஏறுவார்களா, காலையில் பொங்கலா பூரியா என்றெல்லாம் விசாரித்தான். இத்தனை அக்கறையாகப் பேசும் விடுதிக்காரரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதே யோசித்திருக்கலாம்.

அடுத்து அவன் வீசிய தூண்டில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இதெல்லாம் உண்மை. அவன் இந்த உண்மையைத்தான் மூலதனமாக வைத்திருந்தான். "சனிக்கிழமைக்கு பாஸ் முடியப் போகிறது அக்கா, நீங்கள் போட்டால் கிடைக்காது. எங்கள் ஒதுக்கீட்டில் எடுத்துத் தருகிறேன், 300 ரூபாய்தான்" என்றான். விடுதிகளுக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை என்பதும், இ-பாஸுக்குக் காலணா கட்டணம் இல்லை என்பதும் எனக்கு அன்று தெரியாது. அரசின் தளத்தில் வண்டி எண், போகும் நாள், தங்குமிடம், எத்தனை பேர் என்று நிரப்பினால் கைபேசிக்கே வந்துவிடும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

300 அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒரு பாஸ் படமாக வந்தது, எங்கள் வேன் எண்ணோடு. நம்பிக்கை முழுதாக வந்துவிட்டது. முன்பணம் 5,000 அனுப்பச் சொன்னான். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காட்டேஜின் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவரின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்கள் கணக்கர்தான் அக்கா" என்றான். அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் அழைத்தான். "பணம் வந்துவிட்டது அக்கா. ஆனால் ஜிஎஸ்டி பில் போடும் சிஸ்டம் ஏற்க மாட்டேன் என்கிறது. உங்கள் பதிவு வரிசையில் 5,001 என்று வர வேண்டும்."

"சரி, ஒரு ரூபாய் அனுப்புகிறேன்."

"தனியாக ஒரு ரூபாய் ஏறாது அக்கா. 5,001 ஆக ஒரே தடவையில் போடுங்கள். முதலில் போட்ட 5,000 பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பிவிடும்."

இங்கேதான் சூட்சுமம். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றதும் மனசு அதை எழுத்தர் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. ஏமாற்றுகிறவன் ஒரு ரூபாயா கேட்பான்? அதோடு முதல் ஐயாயிரம் அவன் கையில் இருக்கிறது. அதை வாங்க வேண்டுமே என்ற பதற்றம் வேறு. 5,001 அனுப்பினேன். உடனே மறுபடி அழைப்பு: இப்போது இரண்டும் சேர்ந்து 10,001 ஆகிவிட்டதாம், திருப்பி அனுப்பும் வழி அடைத்துக்கொண்டதாம், 10,002 போட்டால் மொத்தமும் விடுபட்டு வந்துவிடுமாம். விரல் ரகசியப் பின் (PIN) எண்ணை அடிக்கப் போனது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கொடுத்ததை வாங்க எதற்கம்மா மறுபடியும் கொடுக்கிறாய்? அவன் என்ன அடகுக்கடையா வைத்திருக்கிறான்?"

நிறுத்தினேன். அவன் கோபப்படவே இல்லை. "பரவாயில்லை அக்கா, நாளை நேரில் வரும்போது கழித்துக்கொள்ளலாம்" என்று சிரித்தபடி வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மறுநாள் கிளம்பினோம். அன்று இரவே 1930-க்கு அழைத்திருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வத்தலக்குண்டு தாண்டி, மலையடிவாரத்தில் காமக்காபட்டி சோதனைச் சாவடி. பாஸைக் காட்டினோம். ஊழியர் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "வண்டியின் எண் இதில் இல்லையே" என்றார். படத்தில் எழுத்தாக எங்கள் எண் இருந்தது; குறியீட்டுக்குள் வேறு யாருடைய காரோ இருந்தது. பழைய பாஸ் ஒன்றின் மேல் எங்கள் எண்ணை ஒட்டியிருக்கிறான். ஊழியர் திட்டவில்லை. ஓரமாக நிறுத்தி இப்போதே விண்ணப்பியுங்கள் என்றார். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. காசும் கேட்கவில்லை. அந்த நொடியே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் குழந்தைகள் ஏற்கெனவே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு அந்த காட்டேஜின் வாசலில் நின்றோம். இடம் உண்மையானது, பெயர்ப் பலகையும் உண்மையானது. கேட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கியது: "எங்கள் எண் கீழே உள்ளது மட்டுமே. வேறு எண்ணுக்குப் பணம் அனுப்பினால் நாங்கள் பொறுப்பல்ல." காவலுக்கு இருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "இந்த வாரத்தில் நீங்கள் நாலாவது குடும்பம் அம்மா" என்றார். வரைபடத்தில் அவர்கள் பெயரிலேயே இன்னொரு பக்கத்தை எவனோ உருவாக்கி, தன் எண்ணைப் போட்டிருக்கிறான். பெரியவர் எங்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். அறை மட்டும் இல்லை.

கைபேசியில் அந்தப் போலிப் பக்கத்தில் இருந்த காட்டேஜ் படங்களை மறுபடி திறந்தேன். பால்கனிக்குக் கீழே பச்சைப் பாய் விரித்தாற்போல் தேயிலைத் தோட்டம். நான் நின்ற இடத்தைச் சுற்றி பைன், யூகலிப்டஸ், பேரிக்காய் மரங்கள். பழனி மலையில் பெரும்பாலும் கீழ்ச்சரிவில் காப்பி, மேலே கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும். இப்படிப்பட்ட தேயிலைச் சரிவுக்கு நீலகிரிக்கோ வால்பாறைக்கோ போக வேண்டும். படத்திலேயே பொய் இருந்தது. நான் மெத்தையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டும் குளிரும் ஏறியபோது மூஞ்சிக்கல் பக்கம் சாலையோரத்தில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்ற ஒருவரிடம் போய் விழுந்தோம். இரண்டு அறை, 7,000 ரூபாய். சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. வெந்நீர் பக்கெட்டுக்கு 50, கூடுதல் கம்பளிக்கு 200 என்று ஒவ்வொன்றாக முளைத்தது. ரசீது கேட்டதற்கு, "ரசீது போட்டால் வாடகை கூடும்" என்றார். கட்டிடத்தில் பெயர்ப் பலகைகூட இல்லை. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ராத்திரியில் என்ன பேரம் பேச முடியும்? கொடைக்கானலில் தரகர் மூலம் அறை எடுப்பதானால் பகலிலேயே, அறையை நேரில் பார்த்து, வெந்நீர் கம்பளி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடித்துவிடுங்கள்.

அந்த ஈர அறையில் உட்கார்ந்துதான் 1930-க்கு அழைத்தேன். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்த வங்கி என்று வரிசையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். அந்தப் பெண் அலுவலர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நேற்றே அழைத்திருந்தால் அந்தக் கணக்கிலேயே பணத்தை முடக்கியிருக்க வாய்ப்பு இருந்தது அம்மா." பணம் உள்ளே போன சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரித்து மாற்றிவிடுகிறார்களாம். ஒரு நாள் முழுக்க நான் அவன் சிரிப்பை நம்பிக்கொண்டிருந்தேன். புகார் எண் இருக்கிறது. பணம் இன்றுவரை வரவில்லை.

பணம் நம் கணக்குக்கு வர ரகசியப் பின் (PIN) எண் தேவையே இல்லை. அனுப்புவதற்குத்தான் தேவை. திருப்பித் தருகிறேன் என்று சொல்லி எவன் பின் அடிக்கச் சொன்னாலும் அந்த நிமிடமே அழைப்பைத் துண்டியுங்கள். அறைக்கு வரைபடத்தில் இருக்கும் கைபேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விடுதியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். 04542 என்று தொடங்கும் தரைவழித் தொலைபேசி இருந்தால் அதில் கூப்பிட்டு உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு அழைப்பை நான் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மறுநாள் ஏமாந்தது சில்லறைதான். தைலம் ஒரு பாட்டில் வாங்கினேன். சுத்தமான யூகலிப்டஸ் தைலத்தை ஒரு சொட்டுத் தாளில் விட்டால் சற்று நேரத்தில் ஆவியாகிக் கறையில்லாமல் போய்விடும். நான் வாங்கியதில் விட்ட சொட்டு, வடை சுற்றிய தாள் போல இன்னும் மினுங்குகிறது. அதேபோல வீட்டுத் தயாரிப்பு என்று விற்கும் சாக்லேட்டில் தயாரித்த தேதியும் முகவரியும் இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

பூண்டு விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிறது. பெயர் வந்ததும் எல்லாப் பூண்டும் மலைப்பூண்டாகிவிட்டது. அத்தை பெரியகுளத்தில் பிறந்தவர். மலைப்பூண்டு இறங்கி வந்து விலைபோகும் வடுகபட்டிச் சந்தை அவருக்குப் பக்கத்து ஊர். கடைக்காரர் நீட்டிய பூண்டில் ஒரு பல்லை உரித்தார், நகத்தால் கீறி முகர்ந்தார், திரும்பக் கையில் வைத்தார். "இது மலையேறி வந்த பூண்டு தம்பி, மலையில் விளைந்ததில்லை." கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை.

நேற்று இரவு அந்த எண்ணை மறுபடி தேடிப் பார்த்தேன். கொடைக்கானல் பக்கம் காணாமல் போயிருக்கிறது. அதே எண், அதே பால்கனி, அதே தேயிலைத் தோட்டம். இப்போது ஊட்டி காட்டேஜ் என்று போட்டிருக்கிறான். தேயிலையாவது இந்தத் தடவை சரியாக அமைந்துவிட்டது.