வெயிலூரில் தங்கத்துக்கு எந்த ஈனி?

தங்கத்தைக் கார்பனோடு பிணைக்க, முதலில் பிடிப்புத் தளர்ந்த ஈனி (உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) ஒன்றை அதன்மேல் உட்காரவைக்க வேண்டும். பின்னால் வரும் வலிய ஈனி அதை எழுப்பிவிட்டு இடம்பிடிக்கும். அந்த முதல் விருந்தாளி டைமெத்தில் சல்பைடா, டெட்ராஹைட்ரோதயோபீனா? இரண்டும் ஒன்றுதான் என்பவர்கள் மே மாதத்தில் காட்பாடிப் பக்கம் ஆய்வகம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

தயாரிப்பு முறை இரண்டுக்கும் பொது. குளோரோஆரிக் அமிலக் கரைசலில் ஈனியை இரண்டு பங்கு விட்டால், ஒரு பங்கு சல்பாக்சைடாக மாறித் தங்கத்தை +3 ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +1க்கு இறக்கும்; மற்றது தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். மஞ்சள் நிறம் போய், தங்கமும் ஈனியும் சேர்ந்த அணைவு வெண்பொடியாகப் படியும்.

வேற்றுமை வெயிலில் தெரியும். டைமெத்தில் சல்பைடின் கொதிநிலை சுமார் 37 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரின் நிழலே 40ஐத் தாண்டிவிடும்! புட்டியைத் திறந்தால் அளப்பதற்குள் பாதி ஆவி. படிந்த பொடியும் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் ஈனியை இழந்து ஊதா பூக்கும், சில நேரம் குடுவைச் சுவரில் பொன்முலாம் படியும். ஸ்ரீபுரம் பொற்கோயிலில் செம்புத் தகட்டின் மேல் மின்னினால் கும்பிடலாம். குடுவையில் மின்னினால் ராஜதிராவகத்தில் கரைத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஆனால் பரிமாற்றம் முடிந்ததும் தானே பறந்துபோகும் நல்ல குணம் இதற்கு உண்டு. இதன் அணைவின் எடையில் 67 சதவீதம் தங்கம், போட்டியாளரில் 61தான்.

டெட்ராஹைட்ரோதயோபீன் கொதிக்க 119 டிகிரி வேண்டும். வெயிலுக்கு அசையாது. நாற்றம்தான் தாங்காது: ஐரோப்பாவில் எரிவாயுக் கசிவைக் காட்டிக்கொடுக்கக் கலப்பதே இதைத்தான். ஒருமுறை பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் சிலிண்டரைத் தேடி வந்துவிட்டார்.

மூன்றாவது ஈனி ஒன்றும் உண்டு: ட்ரைபினைல்பாஸ்பீன். அதன் அணைவு மேசைமேலேயே கிடக்கும், கெடாது. ஆனால் உட்கார்ந்தால் எளிதில் எழாது. குளோரைடை மட்டும் மாற்றுவோருக்கு அது போதும்.

கார்பன் வழியாகத் தங்கத்தைப் பற்றும் வலிய ஈனியான கார்பீனைக் கொண்டுவரும் வழியிலும் இதே கணக்கு. 1998இல் வந்த வெள்ளி ஆக்சைடு முறையில் குடுவையை ஒளிபடாமல் சுற்றிவைக்க வேண்டும், வெள்ளி குளோரைடு வடிதாளை அடைக்கும். 2013இல் இரு குழுக்கள் காட்டிய பொட்டாசியம் கார்பனேட் முறை திறந்த காற்றிலேயே நடக்கும். அதில் ஒரு குழுவின் கரைப்பான் டைகுளோரோமீத்தேன். கொதிநிலை 40, இங்கே கோடையில் அதுவும் ஓடிப்போகும். நான் டெட்ராஹைட்ரோதயோபீன் அணைவையும் அசிட்டோனையும் எடுப்பேன், வாயுப்போக்கியை ஓடவிட்டு. டைமெத்தில் சல்பைடு மார்கழிக்கு இருக்கட்டும்.