ஒரே கட்டையில் செதுக்கிய வில் என்று சொல்லி ரூ.18,500 பறித்துவிட்டார்கள். மர வில் வாங்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று சாயங்காலம் கடைசி பதிலும் வந்துவிட்டது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

விற்றவர் பெயரையும் தளத்தின் பெயரையும் போடவில்லை. சட்டப்படி போக வேண்டியிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. கைவினைப் பொருள்களை நாடு முழுக்க விற்கும் ஓர் ஆன்லைன் சந்தை. அதில் "பாரம்பரிய வில் பட்டறை" என்று கடை போட்டிருக்கும் ஓர் ஆள். இதே மாதிரி இன்னும் எத்தனையோ கடைகள் அங்கே இருக்கின்றன. என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வில் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் அக்கா மகனுக்காக வாங்கியது. காரைக்குடியில் வளர்ந்த பிள்ளை. விஜயதசமிக்கு மகர்நோன்பு பொட்டலில் சாமி அம்பு போடுவதைத் தோளில் உட்கார்ந்து பார்த்த வயசிலிருந்தே வில் என்றால் உயிர். இப்போது கல்லூரியில் படிக்கிறான். பயிற்சிக்குப் போகிற இடத்தில் இருப்பதெல்லாம் ஃபைபர் கை (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) வைத்த நவீன வில்கள். அவனுக்கு மர வில்தான் வேண்டும். நானும் அவனும் வீட்டில் மூங்கிலில் செய்து பார்த்திருக்கிறோம். நன்றாக முற்றிய கல் மூங்கிலைப் பிளந்து, வெளித்தோல் முதுகுப் பக்கம் (இழுப்பவனுக்கு எதிர்ப்பக்கம்) வருகிற மாதிரி வைத்து, உள்பக்கத்தை மட்டும் இழைத்துக்கொண்டே போக வேண்டும். மூங்கிலின் பலமெல்லாம் அந்தத் தோலில்தான். அதில் கத்தி பட்டால் போச்சு. அந்த வில்களெல்லாம் நன்றாகவே அடித்தன, ஆனால் இழுப்பு குறைவு. முறையான ஒரு மர வில் கையில் இருந்தால் அதைப் பார்த்தே அவன் செய்யக் கற்றுக்கொள்வான் என்று நினைத்தேன். என் தச்சு வேலைச் சம்பாத்தியத்தில் அது சின்னத் தொகை இல்லை.

அந்தக் கடையில் போட்டிருந்த விவரம் இது: தடசு மரம், ஒரே கட்டை, ஒட்டு கிடையாது, ஃபைபர் கிடையாது, 68 அங்குல நீளம், 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு விசை. மூன்று வருஷம் நிழலில் காய்ந்த கட்டையாம். மேலே வல்வில் ஓரி படம். தடசு என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. மலைக்காட்டு மரம், வடக்கே தாமன் என்பார்கள். வளைந்துகொடுக்கும், லேசில் முறியாது. கோடாரிக் காம்புக்கும் துடுப்புக்கும் வில்லுக்கும் காலங்காலமாக எடுத்த மரம். மரம் தெரியாதவன் வாயில் அந்தப் பேர் வராது.

பிறகு வீடியோ காலில் வந்தார். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டையோடு ஒரு கட்டையைக் காட்டினார். ஆப்பு வைத்துப் பிளந்த கட்டை, ரம்பத்தில் அறுத்தது இல்லை. "முதுகுல உளி படவே கூடாதுங்கண்ணா. பட்டைய உரிச்சு, ஒரே வளையத்தப் புடிச்சு, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போகோணும். வளையம் அறுந்துச்சுன்னா வில்லும் அறுந்துரும்ங்கண்ணா" என்றார். வளையம் என்றால் மரத்தின் வருஷ வளையம். சுவரில் வில்லை மாட்டி, நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுத்து, மேல் கையும் கீழ் கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று காட்டினார். விறைப்பாக நிற்கிற இடத்தில் வயிற்றுப் பக்கம், அதாவது இழுப்பவன் பார்க்கிற பக்கம், லேசாகச் சுரண்டினார். திரும்ப இழுத்துக் காட்டினார். அந்த டில்லரிங் வேலையில்தான் வில்லின் உயிரே இருக்கிறது. "தம்பிக்கு கை நீளம் எவ்ளோங்கண்ணா? அளந்து சொல்லுங்க, அதுக்குத் தக்கன செஞ்சு தாரேன்" என்றார். என் அக்கா மகன் இரண்டு கையையும் விரித்து நிற்க, நான் டேப் வைத்து அளந்து சொன்னேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது மறுபேச்சு எனக்கு வரவில்லை. இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

முன்பணம் 6,000 ரூபாய் தளத்தின் வழியாகவே கட்டினேன். மீதி 12,500. "சைட்டுக்காரன் கமிஷன் புடிக்கறானுங்கண்ணா. நேரா போன்ல அனுப்பிருங்க, அந்தக் காசுக்கு ஆறு அம்பு சேத்து வெக்கறேன்" என்றார். அவர் பெயருக்குப் பக்கத்தில் தளமே "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று பச்சைக் குறி போட்டிருந்தது. அந்தக் குறியைப் பார்த்துத்தான் அனுப்பினேன். ஆக மொத்தம் 18,500 ரூபாய்.

வில் வந்தது. பளபளவென்று கெட்டியான வார்னிஷ். பிடியில் தோல் சுற்றி, இரண்டு கையிலும் அங்கங்கே நூல் கட்டு, அழகுக்காம். ஆறு அம்பு வரவில்லை. கேட்டதற்கு "அடுத்த பார்சல்லங்கண்ணா" என்றார்.

கண்மாய்க் கரையை முதுகாக வைத்து, வைக்கோல் கட்டு நிறுத்தி, அவன் பழகினான். புது மர வில்லை முதல் நாளே முழுசாக இழுக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். பாதி இழுப்பில் நிறைய விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். முடிந்ததும் நாணைக் கழற்றி நிழலில் வைத்தோம். 28 அங்குலத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, கீழ் கை படீரென்று போய்விட்டது. அம்பு நாணில் இருக்கும்போதே. ஒரு சிலாம்பு தெறித்து அவன் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் என் அக்காவிடம் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? 18,500 ரூபாயைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம், இதை மறக்க மாட்டேன்.

துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வார்னிஷைச் சுரண்டினேன். முறிந்த இடத்தில், நூல் கட்டுக்கு அடியில், மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்த ஒரு வெடிப்பு. பழைய வெடிப்பு. உள்ளே அழுக்கே ஏறியிருக்கிறது. அதாவது அனுப்பும்போதே அது வெடித்திருக்கிறது, அதை மறைக்கத்தான் அந்த நூல் கட்டு. பிடியின் தோலை அவிழ்த்தால் உள்ளே இரண்டு துண்டு. ஒட்டிச் சேர்த்தது! இரண்டு துண்டை முறையாகக் கோத்து வில் செய்கிறவர்கள் உண்டு, அது தப்பான வேலை இல்லை. "ஒரே கட்டை" என்று சொல்லி அதற்கு விலை வாங்கியதுதான் திருட்டு.

பழைய வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவு நிலைகளைப் பழுது பார்க்கிற பெரிய ஆசாரி ஒருவரிடம் துண்டுகளைக் கொண்டுபோனேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். கையில் வாங்கி, வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பினார். "ரேகையப் பாருடா. முதுகுல ஆரம்பிச்சு சாய்ஞ்சு வயித்துப் பக்கம் வெளியேறுது. இது பிளந்த கட்டையில்ல, அறுத்த பலகை. ரம்பத்துக்கு ரேகை தெரியுமா? இதுல தடசுக்கான கனமும் இல்ல" என்றார். ரேகை என்றால் மரத்தின் நார் ஓடுகிற கோடு. முறிந்த வாயைக் காட்டினார். நீளநீளமான நாராகப் பிய்ந்திருந்தால் அது மரம் தாங்கிப் பார்த்ததற்கு அடையாளம். இது சாய்வாக வழுக்கிக்கொண்டு போயிருந்தது. வில்லை வளைக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. இழுபடுகிற பக்கத்தில் நார் முனைக்கு முனை அறாமல் ஓடினால்தான் தாங்கும். பாதியில் வெளியேறிய நார் எதைத் தாங்கும்? இதை அந்த ஆளே எனக்கு வீடியோவில் வகுப்பு எடுத்தாரே!

இனி அவர்கள் சொன்ன பதில்கள். விற்றவர் முதலில், "மரம்னா இயற்கைதானுங்கண்ணா, ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும்" என்றார். பிறகு, அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டு நாங்களே உடைத்திருப்போம் என்றார். பிறகு எங்கள் ஊர் வெயில்தான் காரணம் என்றார். வெடிப்பை அடைத்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் குறி வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

தளத்தில் மனுஷர்களே இல்லை. "உங்கள் திருப்தி எங்களுக்கு முக்கியம்" என்று ஓர் இயந்திரம் பதில் போடும். படம் கேட்பார்கள், அனுப்பினால் இன்னொருவர் வந்து மறுபடி அதே படத்தைக் கேட்பார். கடைசியில் மூன்று காரணம் சொன்னார்கள். பயன்படுத்திய பொருளைத் திருப்ப முடியாதாம். உடைந்தது பயன்பாட்டுத் தேய்மானமாம். 12,500 ரூபாய் தளத்துக்கு வெளியே போனதால் அவர்களுக்குச் சம்பந்தமே இல்லையாம். சரி, தளத்தின் வழியாகக் கட்டிய 6,000? அதற்கும் பதில் இல்லை. அந்தப் பச்சைக் குறி இன்னும் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில்கூடப் பார்த்தேன்.

மரம் என்றால் உடையத்தான் செய்யும் என்று அவர்கள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1545-இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலின் சிதைவிலிருந்து நூற்றுக்கும் அதிகமான மர வில்கள் எடுத்திருக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு மேல் கடலுக்கடியில் கிடந்தவை. யூ என்ற ஊசியிலை மரத்தில், வெள்ளை (மரத்தின் வெளிப்பகுதி) முதுகுப் பக்கமும் வைரம் (உள்ளே முற்றிய பகுதி) வயிற்றுப் பக்கமும் வருகிற மாதிரி ஒரே கட்டையில் செதுக்கியவை. மரத்தைப் பார்த்துச் செய்தவன் வில் நிற்கும். பலகையை அறுத்து வார்னிஷ் அடித்து விற்றுவிட்டு மரத்தின் மேல் பழி போடுகிறார்கள். நேர்மையாகச் செய்கிற வில்காரர்களுக்கும் சேர்த்து இவர்களால் கெட்ட பெயர்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். தீர்ப்பது என்றால் "முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரு வரி அனுப்புவது இல்லை. அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. நம்மைப் போல் ஏமாந்தவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டுமாவது பாருங்கள். வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால் முதுகையும் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ரேகை பக்கவாட்டில் வெளியேறினால் வேண்டாம். நூல் கட்டும் தோலும் இல்லாமல் வில்லைக் காட்டச் சொல்லுங்கள். பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். புது வில்லை இழுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்காதீர்கள்.

உடைந்த துண்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன, ஆணையத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். தடசு வில் என்று சொல்லி, ஓரி படம் போட்ட கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.